ஒரே வீட்டில் மூன்று முதுகுவலி

முதுகுவலி என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் ஒரு வைத்தியம் சொல்லிவிடுவது நம்மவர்களிடையே வழக்கம். கோடாலித் தைலம் தடவச் சொல்பவர் உண்டு. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்ளச் சொல்பவர் உண்டு. மெத்தையை விட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்பவர் உண்டு. தமக்குத் தெரிந்த சின்சேயின், அதாவது சீன மரபு வைத்தியரின், முகவரியை எழுதிக் கொடுப்பவரும் உண்டு. எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். தமக்கோ தம் மாமியாருக்கோ அது கேட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். பல ஆண்டுகளாக இந்த வலியோடு வாழ்பவள் என்ற முறையிலும், என் தம்பிக்கும் அம்மாவுக்கும் அதே பெயரில் வேறு வேறு வலிகள் இருப்பதை அருகிலிருந்து பார்ப்பவள் என்ற முறையிலும், ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. மனிதர்களை முடக்கிவைக்கும் காரணங்களில் உலக அளவில் முதலிடமும் இதற்குத்தான். முதுகுவலிக்காரர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு எலும்பு முறிவு, புற்றுநோய், கிருமித்தொற்று என்று ஒரு தனிக் காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. அந்த ஒன்பது பேரும் ஒரே மாதிரியானவர்கள் என்று எண்ணிக்கொள்வதுதான் நம்மைத் தவறான இடத்திற்குக் கொண்டுபோகிறது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். நான் சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு வலியைக் கொண்டுவருவது உட்காருவது. நீண்ட கூட்டம் முடிந்து நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பை நிமிர்த்த முடியாது. நாலடி நடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும். குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி மார்பை மட்டும் மேலே உயர்த்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்தார். பிட்டம்வரை இறங்கியிருந்த வலி அதைச் செய்யச் செய்ய முதுகின் நடுக்கோட்டை நோக்கிப் பின்வாங்கியது. வலி இப்படிக் காலிலிருந்து முதுகை நோக்கிச் சுருங்குவது நல்ல அறிகுறி என்றும், எந்தத் திசையில் அசைந்தால் அது சுருங்குகிறதோ அந்தத் திசையிலேயே பயிற்சி செய்ய வேண்டும் என்றும் அவர் விளக்கினார். நியூசிலாந்தைச் சேர்ந்த ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட் வளர்த்தெடுத்த முறை அது.

தோ பாயோவில் என்னோடு வசிக்கும் அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அவருக்கு நிலைமை அப்படியே நேர்மாறு. உட்கார்ந்திருக்கும்வரை அவருக்கு வலியே கிடையாது. அடுக்குமாடிப் புளோக்கிலிருந்து இறங்கிச் சந்தைக்கு நடக்கத் தொடங்கினால் சற்று நேரத்தில் இரண்டு கால்களும் கனத்து, தொடை கடுத்து, வழியில் உள்ள இருக்கையில் உட்கார்ந்தே தீர வேண்டும். ஆனால் சாமான் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்து முன்னால் சாய்ந்துகொண்டு நடந்தால் அதே தூரத்தைச் சிரமமின்றிக் கடந்துவிடுவார். முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் கால்வாய் வயதால் குறுகியிருக்கிறது. நிமிரும்போது அது மேலும் இறுகுகிறது, குனியும்போது சற்று விரிகிறது. இதை மருத்துவர் எலும்புக்கூட்டு மாதிரியை வைத்துக் காட்டியபோது, அம்மா பல மாதங்களாகத் தள்ளுவண்டியோடு வெளியே போக அடம்பிடித்ததற்குக் காரணம் புரிந்தது. உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே கண்டுபிடித்திருக்கிறது.

இப்போது நான் குப்புறப் படுத்துச் செய்யும் பயிற்சியை அம்மா செய்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து வந்திருந்த சித்தி, “பொண்ணுக்குச் சரியானது உனக்கும் சரியாகும்க்கா” என்று சொல்லி ஒருநாள் செய்யவைத்தார். இரண்டு நாளைக்கு அம்மாவின் கால்கள் குடைந்தன. அவருக்குக் கொடுக்கப்பட்டவை மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சை நோக்கி இழுப்பதும், உட்கார்ந்தபடி மிதிக்கும் சைக்கிளும். திசையைப் பொருத்துவதன் பயன் ஆய்விலும் தெரிந்திருக்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் சோதிக்கப்பட்ட 312 பேரில் 230 பேருக்கு, அதாவது நான்கில் மூன்று பங்கினருக்கு, ஏதாவது ஒரு திசையில் அசைந்தால் வலி குறைவது தெரியவந்தது. அவர்களில் தத்தம் திசைக்கு ஏற்ற பயிற்சி பெற்றவர்கள், எதிர்த்திசைப் பயிற்சியோ பொதுப்பயிற்சியோ பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். ஆகையால் “முதுகுவலிக்கு என்ன பயிற்சி நல்லது?” என்ற கேள்விக்கு, “எப்படி இருந்தால் உங்களுக்கு வலிக்கிறது, எப்படி இருந்தால் குறைகிறது?” என்று திருப்பிக் கேட்பவரிடம்தான் நான் நம்பிக்கை வைக்கிறேன்.

தம்பியின் கதை இவ்விரண்டிலும் சேராதது. துவாஸில் ஒரு கிடங்கில் வேலை செய்யும் அவன் பெட்டி ஒன்றைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. இப்படிப் பிடித்துக்கொள்வது பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும், அவனுக்குத் தணியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அறிக்கையில் எல்4–எல்5 வட்டில் (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற திண்டில்) தேய்மானம், வட்டுப் புடைப்பு என்று எழுதியிருந்தது. அதற்கு முன்பே எடுத்த என் அறிக்கையிலும் அதே இடத்தில் ஏறத்தாழ அதே சொற்கள்தான் இருந்தன. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது யாருடையது என்று ஓர் அந்நியரால் சொல்ல முடியாது. ஆனால் நான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அவன் மாதக்கணக்கில் மருத்துவ விடுப்பில் இருந்தான்.

இந்த அறிக்கைகளைப் பற்றி ஒவ்வொரு முதுகுவலிக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வலியே இல்லாத 3,110 பேரின் படங்களை உள்ளடக்கிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. வலியில்லாத ஐம்பது வயதினரில் 80 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானமும் 60 விழுக்காட்டினருக்கு வட்டுப் புடைப்பும் இருக்கும் என்று அது கணக்கிட்டது. இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்குத் தேய்மானம் உண்டு. தேய்மானம் முதுகின் நரை என்றுதான் நான் தம்பியிடம் சொன்னேன். பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடத்தப்பட்ட நெடுங்கால ஆய்வோ, வட்டுத் தேய்மானத்தில் கடின உழைப்பைவிடப் பரம்பரையின் பங்கே பெரிது என்று காட்டியது. பெட்டி தூக்கியவனுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தேய்ந்திருந்ததில் அப்படி ஒன்றும் வியப்பில்லை. ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தேய்மானத்திற்கும் வலிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. தேய்மானத்தை மட்டும் பார்த்து ஒருவர் எவ்வளவு வேதனைப்படுகிறார், எவ்வளவு முடங்குகிறார் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

தம்பியை முடக்கியது என்ன என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. “குனிஞ்சா ஏதோ விட்டுப்போயிடும்னு தோணுதுக்கா” என்று ஒருநாள் சொன்னான். அந்த நினைப்பு அவனுடைய நாளின் ஒவ்வோர் அசைவிலும் புகுந்திருந்தது. காலணியின் வாரைக் கட்ட மனைவியைக் கூப்பிட்டான். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொடுவதில்லை. ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் மகளைத் தூக்குவதில்லை. வீட்டிலும் பெல்ட்டைக் கழற்றுவதில்லை. கீழே விழுந்த சாவியை எடுக்க நேர்ந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதுகைப் பலகைபோல விறைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இறங்குவான். அப்படி நாள் முழுவதும் விறைப்பாக வைத்திருக்கும் தசைகள் தம் பங்குக்கு வலிக்கத்தான் செய்யும். அசையாமலிருக்க இருக்க உடல் வலுவிழக்கும். வலுவிழந்த உடலால் சிறிய அசைவும் வலிக்கும். வலித்ததும் அச்சம் உறுதிப்படும். இந்தச் சுழலைப் பற்றி வலி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை தன் மகளைத் தூக்க அஞ்சி நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் அதன் கடுமை எனக்குப் புரிந்தது. அதை யாரும் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ சொல்லிவிடக் கூடாது. அவனுடைய வலி உண்மையானது, அச்சமும் உண்மையானது.

அவனைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் முதல் சந்திப்பில் முதுகைத் தொடுவதற்கு முன் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் உருவான கேள்வித்தாள் அது. வலி காலுக்கு இறங்குகிறதா, உடை மாற்றச் சிரமமாக இருக்கிறதா என்பவற்றோடு, உடலை அசைப்பது ஆபத்து என்று நினைக்கிறீர்களா, கவலையான எண்ணங்கள் ஓடுகின்றனவா, இந்த வலி இனி எப்போதும் தீராது என்று தோன்றுகிறதா என்பனவும் அதில் உண்டு. விடைகளைப் பொறுத்து நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு அளவில் சிகிச்சை தருகிறார்கள். 2011இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் இம்முறை வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் தந்தது. பின்னர் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே இதைப் பெரிய மந்திரமாக நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஒரு காரியம் செய்தது. அதுவரை யாரும் தம்பியிடம் என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று மட்டுமே கேட்டிருந்தோம்.

அதன்பிறகு அவனுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மிக எளிதாகத் தோன்றும். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சை வெளியே விட்டுக்கொண்டு கைகளை முழங்காலிலிருந்து கணுக்காலை நோக்கி வழுக்கவிட வேண்டும். சில நாள்கள் கழித்து, உயரமான முக்காலியிலிருந்து வெறும் கூடையை எடுக்க வேண்டும். பிறகு கூடைக்குள் ஒரு கிலோ சர்க்கரை, பிறகு முக்காலிக்குப் பதிலாகத் தாழ்வான பெட்டி, பிறகு தரை. ஒவ்வொரு படியிலும் என்ன ஆகும் என்று அவன் எதிர்பார்த்தான், உண்மையில் என்ன ஆனது என்று இரண்டையும் சொல்லவைத்தார்கள். கொஞ்சம் வலித்தாலும் மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்தப் படி சரியான படி. இரண்டு மூன்று நாள் இழுத்தால் படி பெரிதாகிவிட்டது, ஒன்று கீழே இறங்க வேண்டும். இந்த அளவுகோலை நாள்பட்ட வலி உள்ள எவரும் பயன்படுத்தலாம். முழுதும் வலியில்லாமல் இருந்தால்தான் அசைவேன் என்று காத்திருப்பவருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே நாளில் வீட்டு வேலை முழுவதையும் முடித்துவிட்டு அடுத்த நாள்களைப் படுக்கையில் கழிப்பவருக்கும் இது ஒரு நடுவழியைக் காட்டுகிறது.

பெல்ட்டையும் அப்போதுதான் கழற்றினான். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென வெளியிட்ட வழிகாட்டியில், இடுப்புப் பெல்ட்டும் இடுப்பை இழுத்துவிடும் சிகிச்சையும் அபின் வகை வலிமாத்திரைகளும் வழக்கமாகத் தரத்தக்கவையல்ல என்று சொல்லப்பட்டிருக்கிறது. நோயாளிக்கு வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, பிடித்துவிடுதல் போன்றவற்றை அவரவருக்கு ஏற்பச் சேர்த்துத் தருவதே அதன் பரிந்துரை. தைலம் தேய்ப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். சூடும் ஒரு கையின் பரிவும் அந்த இரவைக் கடக்க உதவுமானால் அதுவும் ஓர் உதவிதான்.

இன்னொரு வகையை வெளியில் பார்த்தேன். என் அலுவலகத் தோழியின் மகனுக்கு இருபத்திரண்டு வயதில் முதுகுவலி. பின்னிரவில் வலியால் விழித்துக்கொள்வான், காலையில் எழுந்து ஒரு மணி நேரம்வரை உடல் மரக்கட்டையாக இருக்கும், ஓடினால், நீந்தினால் சரியாகிவிடும், ஓய்வெடுத்தால் மோசமாகும். இளம்பையன், விளையாட்டுக்காரன், எங்காவது சுளுக்கியிருக்கும் என்றே எல்லாரும் எண்ணினார்கள். நெடுநாள் கழித்துத்தான் அது முதுகெலும்பு மூட்டுகளில் நோயெதிர்ப்பு ஆற்றலே அழற்சியை உண்டாக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று தெரிந்தது. அதற்கென்று தனி மருந்துகள் உண்டு. சீக்கிரம் தொடங்குவது நல்லது. நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கிய வலி, அரைமணிக்கு மேல் நீடிக்கும் காலை இறுக்கம், அசைந்தால் குறைந்து ஓய்வில் கூடும் தன்மை ஆகியவை சேர்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் அதே வரிசையில் சொல்லுங்கள். கண் சிவந்து வலித்தது, தோலில் சொரியாசிஸ் இருப்பது, குடும்பத்தில் இதே நோய் இருப்பது ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வலி ஒன்றாகவே இருந்தாலும் வாழ்க்கை வேறானால் எல்லாம் வேறாகிவிடும் என்பதற்கு, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரைச் சொல்ல வேண்டும். கோவிலில் அன்னதானச் சேவையின்போது அறிமுகமானவர். அவருடைய வலி என்னுடையதைப் போன்றதுதான். ஆனால் எனக்கு வலித்தால் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போகலாம், மேசையை உயர்த்திக்கொள்ளலாம், வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று மேலாளரிடம் கேட்கலாம். அவர் லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து தளத்துக்குப் போகிறார். எதைத் தூக்க வேண்டும், எப்போது ஓய்வு என்பதை மற்றவர் முடிவு செய்கிறார். தங்குவிடுதியில் மேல்தட்டுக் கட்டிலில் ஏறி இறங்குகிறார். வலிக்கிறது என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ, முகவருக்குக் கட்டிய கடன் என்ன ஆகும் என்ற கவலை அவரைத் தூங்கவிடுவதில்லை. “தினமும் முப்பது நிமிடம் நடங்கள், மனத்தைத் தளர்வாக வைத்திருங்கள்” என்று அவரிடம் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவருக்குப் பயன்பட்டவை வேறு: கீழ்க்கட்டிலுக்கு மாற்றிக்கொள்ள விடுதியில் பேசியது, பாரத்தை இரண்டாகப் பிரித்து இருமுறை சுமப்பது, புலம்பெயர்ந்த ஊழியர்களுக்காக ஹெல்த்சர்வ் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் மருந்தகம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டது. வேலையிடத்தில் திடீரென்று அடிபட்டால், வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் வேலைக் காயம் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். ஆனால் எங்கே, எப்போது, எதைச் செய்யும்போது நேர்ந்தது என்பதை அன்றே மேற்பார்வையாளரிடமும் மருத்துவரிடமும் சொல்லிப் பதிய வைப்பது மிகவும் முக்கியம். பிறகு சொல்லி நிறுவுவது கடினம்.

எனக்குள்ளேயே ஓர் ஆண்டின் வலி இன்னோர் ஆண்டின் வலியாக இருப்பதில்லை. கணக்கு முடிக்கும் மாதங்களில் நான் உட்காரும் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை, தூக்கம்தான் குறைகிறது. அந்த வாரங்களில் அதே நாற்காலி கூடுதலாக வலிக்கிறது. தூக்கம் கெட்டால் வலி கூடுவதும் வலி கூடினால் தூக்கம் கெடுவதும் இருபுறமும் நடக்கிறது என்பதால், அந்தக் காலத்தில் பயிற்சியைக் கூட்டுவதைவிட இரவு கைப்பேசியை முன்னதாகவே அணைப்பதில்தான் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எஞ்சிய காலத்தில் நடக்கிறேன். பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றை ஒட்டிய பாதை வெயிலுக்கு முன் நடக்க இதமானது. முதுகுவலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்பிவர நடுமதிப்பாக 208 நாள்கள் ஆயின. செய்யாதவர்களுக்கு 112 நாள்களே. செலவில்லாத வழி என்பதால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் அம்மாவை இதே நடைக்கு நான் இழுப்பதில்லை. அவருக்குச் சமூக மன்றத்துச் சைக்கிள்தான்.

பலதுறை மருந்தகத்தில் (அரசாங்கப் பாலிகிளினிக்கில்) மருத்துவரோடு கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பதைப் பரிந்துரைக்கிறேன். வலியின் அளவை எண்ணில் போடுவதைவிட, உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், படுத்தல் இவற்றில் எது கூட்டியது எது குறைத்தது, காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம், எத்தனை முறை விழிப்பு, காலில் எதுவரை இறங்கியது, எரிச்சலா மரத்துப்போதலா வெறும் கடுப்பா, வலிக்கு அஞ்சி எந்தக் காரியத்தை விட்டோம் என்பனவே மருத்துவருக்குப் பயன்படும். சர்க்கரை நோய் நம்மவர்களிடம் அதிகம் என்பதால் அம்மாவைப் போன்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நடந்தால் கால் வலித்து, நிமிர்ந்து நின்றாலே விட்டுவிடுகிறது என்றால் காரணம் முதுகாக இல்லாமல் காலின் இரத்தக்குழாயாக இருக்கலாம். அம்மாவின் மருத்துவர் பாதத்தில் நாடி பார்த்த பிறகுதான் முதுகைப் பற்றிப் பேசினார். சிறப்பு மருத்துவரிடம் மானியக் கட்டணத்தில் போவதற்குப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் வழிசெய்யும் என்பதால், அங்கே தெளிவாகப் பேசுவது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

இவ்வளவு வேறுபாடுகளுக்கு நடுவில் எல்லாருக்கும் பொதுவான சில அறிகுறிகள் உண்டு. அவற்றில் என் வலி வேறு உன் வலி வேறு என்று பார்த்துக்கொண்டிருக்க இடமில்லை. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போவது, காலில் வலு வேகமாகக் குறைவது ஆகியவை முதுகின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்குவதைக் காட்டலாம். அன்றே, இரவானாலும், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்; எழுந்து போக முடியாவிட்டால் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைதல், வயதானவர் விழுந்த பின் வரும் வலி ஆகியவற்றுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.